விரலைக் குத்துமுன்: இலவச மருத்துவ முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கில் இலவச மருத்துவ முகாம் நடத்தும் கோயில் நிர்வாகங்களுக்கும் சமூக இயக்கங்களுக்கும் வணக்கம்.

தைப்பூசம் நெருங்குகிறது. தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் பந்தல்கள் எழும். சிலவற்றில் சர்க்கரை பார்க்கும் மேசையும் இருக்கும். அந்த மேசை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. மொத்தத்தில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. ஆய்வுக்கூடத்துக்கு வராதவர்களைத் தேடி ஆய்வுக்கூடம்தான் போக வேண்டும்.

போவது ஆய்வுக்கூடம்தானா என்பதே என் கேள்வி. சென்ற ஆண்டு ஒரு மண்டபத்தில் பார்த்தேன். சோதனைப் பட்டைகள் இருந்த குப்பியின் மூடி காலையிலிருந்து திறந்தே கிடந்தது. பானகம் குடித்த கையோடு வந்த ஓர் அம்மாவின் விரலைத் துடைக்காமலேயே குத்தினார்கள். இரத்தம் வரவில்லை என்று பிதுக்கினார்கள். கருவி லிட்டருக்கு 14.2 மில்லிமோல் என்று காட்டியது. "மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும் அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார் தொண்டூழியர். அந்த எண்ணில் இரத்தத்தின் பங்கு எவ்வளவு, பானகத்தின் பங்கு எவ்வளவு? யாருக்கும் தெரியாது.

அந்தப் பட்டை வெறும் காகிதத் துண்டன்று. 1962இல் கிளார்க், லயன்ஸ் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த நொதி (என்சைம்) மின்முனையின் வழிவந்தது. 1987இல் பேனா அளவுக் கருவியாக மக்கள் கைக்கு வந்தது. பட்டையில் காய்ந்திருக்கும் நொதி, சர்க்கரையிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்கிறது. அவை மின்முனைக்குப் போய்ச் சேரும்போது உண்டாகும் சிறு மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக்கிக் காட்டுகிறது. சில விநாடி வேலை. ஆனால் நொதிக்கு நம் ஊர் ஈரக்காற்று ஆகாது. சர்க்கரை இரத்தத்திலிருந்து வந்ததா, தோலிலிருந்து வந்ததா என்றும் அதற்குத் தெரியாது. விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு பிசகும். இரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல கருவிகள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். நம் பெண்களில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும்கூட, இந்தக் கருவிகளுக்கான 2013இன் அனைத்துலகத் தரவிதிப்படி (ஐஎஸ்ஓ 15197), உண்மை அளவு 10 என்றால் 8.5 முதல் 11.5 வரை எது காட்டினாலும் கருவி தேறிவிடும். நூற்றில் ஐந்து அளவீடுகள் அதற்கு வெளியேயும் போகலாம். நோய் இருப்பது தெரிந்தவர் வீட்டில் பார்த்துக்கொள்ள இது தாராளம். ஒருவரை நோயாளி என்று முடிவு கட்ட, கை இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்த்தாக வேண்டும்.

நான் கேட்பவற்றுக்குப் பெரிய செலவில்லை. குத்துமுன் கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும், ஈரம் போகத் துடைக்கத் தாளும் வையுங்கள். பட்டையை எடுத்த கையோடு குப்பியை மூடுங்கள். காலையில் முதல் ஆளுக்குப் பார்க்குமுன், சர்க்கரை அளவு தெரிந்த சோதனைக் கரைசலை ஒரு பட்டையில் விட்டுக் கருவியைச் சரிபாருங்கள்; பட்டை விற்பவரிடமே கேட்டு வாங்கலாம். (ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தக் கூடாது என்பதை எழுதத் தேவையில்லை என்று நம்புகிறேன்.)

டிங்கி சோதனைப் பெட்டிகளையும் வாங்க எண்ணினால் சற்றுப் பொறுங்கள். இரத்தத்தில் டிங்கிக் கிருமியின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை, காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பிடிக்கும். கோடு விழவில்லை என்பதை நம்பி ஒருவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவது ஆபத்து.

கடைசியாக, அந்தச் சீட்டு. எண்ணை மட்டும் கிறுக்கிக் கொடுக்காதீர்கள். எத்தனை மணிக்குப் பார்த்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டார், அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக் எது என்பதும் அதில் இருக்கட்டும். அங்கே குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான். எத்தனை பேருக்குச் சர்க்கரை பார்த்தோம் என்று மேடையில் அறிவிக்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் கிளினிக்குக்குப் போனார்கள் என்று யாரும் அறிவித்து நான் கேட்டதில்லை. அளவு கூடுதலாக இருந்தவர்களின் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, இரண்டு வாரம் கழித்துக் கூப்பிடுங்கள். இயக்கத்து இளைஞர்கள் இருவர் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட ஊழியர்,
பட்டர்வொர்த்