சாக்ஸபோன் படமும் ஒரு வரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜன் பற்றிய தங்கள் கட்டுரையில், கிளாரினெட் நாதஸ்வரத்தைப்போல் கஷ்டமில்லை, கீயை (துளைகளை மூடித் திறக்கும் விசையை) அழுத்தினால் சுரம் தானே பேசும் என்று ஒரு வரி. எழுதியவர் அந்த வாத்தியத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறாரா என்று கேட்கமாட்டேன். மரியாதையாக இருக்காது.

தங்களுக்குத் தெரியாததல்ல. கிளாரினெட்டில் ஸ வாசித்த விரலடைப்பிலேயே கட்டைவிரல் கீயைத் திறந்தால் மேல் ஸ வராது. அதையும் தாண்டி, தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) பஞ்சமம், அதாவது ப-தான் வரும். ஆகவே ஒரே ராகத்துக்கு இரண்டு விரல் பாடம். இரண்டும் சேருமிடத்தில் நாதம் மெலியும், அதைக் கேட்பவருக்குத் தெரியாமல் கடக்கவே மாணவர்களுக்கு வருஷங்கள் பிடிக்கின்றன.

தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது க-வை, கீயால் அசைத்தால் ரி, ம என்று தனித்தனியாகக் கொட்டும். துளையிலிருந்து விரலை இழைத்து எடுக்க வேண்டும். கீயில் விழும் சுரமானால் உதடும் தாடையும்தான் வளைக்க வேண்டும். அதற்கு ரீட், அதாவது ஊதும் நாணல் பட்டை, இளசாக, 2 அல்லது 2½ எண்ணில் இருப்பது நல்லது. அதைவிட இளசானால் மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கும். கெட்டியானால் கமகம் (சுர அசைவு) எழாது. வாசிக்க வாசிக்கக் குழல் சூடேறிச் சுருதி ஏறும். பேரலை (ஊதுவாய்க்கு அடுத்த குழல் துண்டை) கொஞ்சம் வெளியே இழுத்தால் சரியாகும் என்று பார்த்தால், பேரலுக்கு அருகிலுள்ள சுரங்கள் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கித் தொலைக்கும். தானே பேசுகிற வாத்தியமாம்!

இது இன்று நேற்று வந்த வருத்தமில்லை. சதிர்க் கச்சேரியில் (பழைய பரதநாட்டியக் கச்சேரியில்) முகவீணை என்ற சின்னக் குழல் வாத்தியத்தின் இடத்துக்கு வந்த வாத்தியத்தைத் தங்கள் இதழ் எப்போதும் 'பாண்டு செட்' கணக்கில்தான் சேர்க்கிறது. வயலினும் கப்பலில் வந்ததுதான். அதை யாரும் வந்தேறி என்று எழுதக் காணோம். வாய்ப்பாட்டும் நாதஸ்வரமும் முறையாகப் பயின்று, தவிலைப் பக்கவாத்தியமாக வைத்துக் கச்சேரி செய்த நடராஜனுக்கு, நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையே 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் தந்தார். 2008-ல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது, 2022-ல் பத்மஸ்ரீ. இத்தனைக்கும் தாங்கள் ஒதுக்கியது அரைப்பக்கம், அதிலும் பாதி ஒரு படம்.

அந்தப் படத்தில் இருப்பது சாக்ஸபோன். அடுத்த இதழில் கிளாரினெட் படம் ஒன்றைப் போட்டு, கீழே அதன் பெயரைச் சரியாக அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
கிளாரினெட் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி