வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை: "அப்படி நடந்திருந்தால்" அமர்வுகளும் பிறவும்

மதிப்பிற்குரிய போசகர் அவர்களே, தலைவர் அவர்களே, வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே,

சென்ற பொதுக்கூட்டத்தில் என்னை ஏகமனதாகச் செயலாளராகத் தெரிவு செய்தீர்கள். அன்று சபையில் பதினொரு பேர் இருந்தோம். மற்றப் பத்துப் பேரும் பதவியை மறுத்த பிறகே அந்த ஏகமனது உண்டானது என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

தைப்பொங்கல் விழா வழமைபோல் நடந்தது. வாணி விழாவில் ஏழு பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கப்பட்டது. சிரமதானம் இரண்டு முறை நடந்தது. கிணற்றடி இப்போது பார்க்கக்கூடியதாக இருக்கிறது. இரத்ததான முகாம் மழையால் பிற்போடப்பட்டது, பின்னர் மறக்கப்பட்டது. பத்திரிகைகள் இரண்டும் நாள்தோறும் வருகின்றன. குறுக்கெழுத்துப் பகுதியைக் காலை பத்து மணிக்கு முன் வெட்டிக்கொண்டு போகும் அங்கத்தவர், மறுநாள் விடையையாவது விட்டுவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி "அப்படி நடந்திருந்தால்" அமர்வுகள். இவற்றைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் நிறையப் பேசப்பட்டதால் முன்னால் நின்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடற்பயணங்களும் குடியேற்றங்களும் உலகத்தைப் புரட்டிப்போட்ட அந்த மூன்று நூற்றாண்டுகளில் ஓர் இடத்தைப் பிடித்து, அங்கே ஒரேயொரு நிகழ்வை மாற்றி, அதன்பின் என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பதே எங்கள் வேலை. விதிகள் மூன்று. மாற்றம் ஒன்றுதான் இருக்கலாம். காற்றையும் பருவத்தையும் மாற்றக்கூடாது. "ஆகவே நாம் வென்றிருப்போம்" என்று முடியும் கதை செல்லாது. மூன்றாவது விதியைப் போட நேர்ந்ததற்குக் காரணம், முதல் அமர்விலேயே ஓர் அங்கத்தவர் யாழ்ப்பாணத்தின் கடைசி மன்னன் சங்கிலியைக் கோவாவைப் பிடிக்க வைத்து, தேநீர் வருவதற்குள் லிஸ்பன் வரை கொண்டுபோய்விட்டதுதான். விதி வந்தபின் அவர் வருவதில்லை.

நடந்த அமர்வுகள் ஒன்பது. இரண்டாவது அமர்வுக்கு 1505ஐ எடுத்தோம். போர்த்துக்கேயத் தளபதி லொரென்சோ தெ அல்மேதாவின் கப்பல்கள் மாலைதீவுப் பக்கம் முஸ்லிம் வணிகரின் கப்பல்களைத் தேடிப் போய், காற்றால் திசைமாறி இலங்கைக் கரைக்கு வந்தன என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. அந்தக் காற்று அன்று அடிக்காவிட்டால்? காற்றை மாற்றக்கூடாதென்ற விதியை மீறித்தான் பேசினோம்; விதி அதன் பிறகே இறுகியது. முடிவில் கண்டது, அது நல்ல கேள்வியே அல்ல என்பது. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தாயிற்று. கறுவா விளையும் தீவு பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஆண்டு வராதவன் அடுத்த ஆண்டு வந்திருப்பான். எதை மாற்றினாலும் காரணம் அப்படியே இருந்தால் விளைவு வேறு வாசலால் வந்துவிடும். இதை ஒரு மாணவி தன் கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டதைக் கண்டேன். எனக்குக் கிடைத்த ஊதியம் அதுதான்.

காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைப் பற்றிய அமர்வு பாதியில் நின்றது, மின்வெட்டு. சீனத் தளபதி செங் ஹோ சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மொழிகளில் பொறிப்பித்து நாட்டிய, 1409ஆம் ஆண்டுத் திகதியுள்ள கல் அது. தமிழ்ப்பகுதி தென்கரைத் தெவிநுவரைக் கோயில் தெய்வமான தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. 1433க்குப் பிறகு அந்தப் பெருங்கப்பல்கள் வராமல் போனது ஏன், தொடர்ந்து வந்திருந்தால் போர்த்துக்கேயர் யாருடைய துறைமுகத்தில் வந்து இறங்கியிருப்பார்கள் என்பதை இருட்டில் அரைமணி நேரம் பேசினோம். அடுத்த ஆண்டுக்கு மிச்சம் இருக்கிறது.

எங்கள் சிறந்த அமர்வு டேனிஷ்காரரைப் பற்றியது. 1619 ஜூனில் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். கடல்வழியே தப்ப முயன்ற சங்கிலி அகப்பட்டு, கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். மறு ஆண்டு தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர் அனுப்பிய படை வருணகுலத்தான் தலைமையில் இங்கு வந்து தோற்றது. இவை எல்லோருக்கும் தெரியும். அதே 1620இல் அதே இரகுநாதர் தரங்கம்பாடியை டேனிஷ்காரருக்குக் கொடுத்தார் என்பதை இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? டென்மார்க்கிலிருந்து 1618 நவம்பரில் புறப்பட்ட ஓவ் யெட்டேயின் கப்பல்கள் கண்டி அரசனுக்கு உதவவே வந்தன. உதவி கேட்டுப் போன தூதுவர் வழியிலேயே இறந்தார். கப்பல்கள் கிழக்குக் கரையை அடைய 1620 மே ஆகிவிட்டது. கண்டியில் எதிர்பார்த்தது கைகூடவில்லை. முன்னதாக வந்த ஒரு கப்பலைப் போர்த்துக்கேயர் 1619இல் காரைக்காலுக்கு அருகே அழித்தார்கள். அதிலிருந்து தப்பிய கப்பல் தலைவர் கிறாப்பே தஞ்சை அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஒன்றரை ஆண்டு எடுத்த அந்தப் பயணம் ஏழு மாதத்தில் முடிந்திருந்தால்? மே மாதம் பெரிய கப்பல்கள் எப்படி வந்தன என்று சந்தேகம் கேட்டவருக்கு, குருநகரிலிருந்து வரும் எங்கள் கடற்றொழிலாளி அங்கத்தவர் பதில் சொன்னார். சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் மேற்குக் கரை கொந்தளிக்கும், கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும். தன் தகப்பனாரும் சோளகத்தில் முல்லைத்தீவுப் பக்கம் வாடி போட்டுத் தொழில் செய்தவர். திருகோணமலையில் மே மாதம் இறங்கியவன் கடல் தெரிந்தவன் என்றார். மேசையில் இருந்த சுண்ணக்கட்டியை எடுத்துச் சீமெந்து நிலத்திலேயே கரையைக் கீறி, காற்றுக்கு அம்புக்குறியும் போட்டுக் காட்டினார். அந்தப் படம் மூன்று நாள் அழியாமல் கிடந்தது. பெருக்க வந்தவரைத் தடுத்தது நான்தான்.

சரி, டேனிஷ் பீரங்கியும் தஞ்சைப் படையும் சேர்ந்து 1619இல் ஒலிவேராவைத் திருப்பி அனுப்பிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் அப்போது இடிபடவில்லை. ஆனால் உதவிக்கு வந்தவன் சும்மா போகமாட்டான். கோட்டைக்கு இடம் கேட்பான். தரங்கம்பாடியில் கட்டியதை இங்கே கட்டியிருப்பான். 1706இல் மதபோதகர் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்து, 1713இல் தமிழ் அச்சு ஓடியது. அது யாழ்ப்பாணத்தில் ஓடியிருக்கலாம் என்றார் ஆசிரியை ஒருவர். எல்லோரும் மகிழ்ந்தோம். உடனே அந்த மாணவி எழுந்து, டேனிஷ்காரர் தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்களே, எங்களையும் சேர்த்து விற்றிருப்பார்கள் அல்லவா என்று கேட்டாள். மகிழ்ச்சி போய்விட்டது. அன்று வந்திருந்தவர்கள் ஆறு பேர்.

இப்போது கூழ் அமர்வு. 1492இல் கொலம்பஸ் மேற்கே போகாமலிருந்தால் என்பது தலைப்பு. அமெரிக்காவிலிருந்து வந்த எதுவும் சேராத, காய்ந்த பனங்கிழங்கு மாவால் ஆகும் ஒடியற் கூழ் காய்ச்சுவதென்று தீர்மானித்தோம். மரவள்ளி போயிற்று. செத்தல் மிளகாய் போயிற்று. ஒடியல் மா, மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கை இலை, பழப்புளி, மஞ்சள் இருந்தன, உறைப்புக்கு மிளகு. கோப்பை என்பது போர்த்துக்கேயர் தந்த சொல்லாகையால் பிலாவிலையைக் கோலிக் கொடுத்தோம். கூழ் மங்கிய சாம்பல் நிறமாக இருந்தது. முதல் வாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாயில் உறைப்பு நாக்கில் நிற்காமல் தொண்டைக்குள் இறங்கிக் காதைப் பிடித்தது. ஒருவர் வீட்டிலிருந்து இரகசியமாகக் கொண்டுவந்த மிளகாய்த்தூளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தபோது பிடிபட்டார்.

மிளகாய் என்ற பெயரே அது மிளகின் இடத்தில் வந்து குந்தியது என்பதைச் சொல்கிறது. மிளகு நம் செம்மண் தோட்டத்துப் பயிரல்ல, மலையாளக் கரையிலிருந்து காசு கொடுத்து வாங்கவேண்டியது. ஏழைக்கு உறைப்பைக் கொடுத்தது கொலம்பஸ் என்று ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. புகையிலையும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. நமது நிலையத்தின் கூரையே ஒரு சுருட்டு வியாபாரி போட்டுத் தந்தது. கொலம்பஸ் போகாவிட்டால் நாம் அன்று மரத்தடியில் நின்று கூழ் குடித்திருப்போம்.

கூழுக்கு வந்தவர்கள் முப்பத்தொரு பேர். மறுவாரம் 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டதைப் பற்றிப் பேச வந்தவர்கள் ஐந்து பேர். ஐவரில் ஒருவர் கனடாவிலிருந்து காணொளியில் இணைந்தவர். இங்கே மாலை நான்கு மணியென்றால் அவருக்குக் காலை ஆறரை. அவர் சந்தாவும் கேட்காமலே அனுப்பிவிடுகிறார். நிலையத்துக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பற்றிய அமர்வையும் குறிப்பிட வேண்டும். 1707இல் ஒல்லாந்தர் அதைத் தொகுப்பிக்காமல் இருந்திருந்தால் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்ற சொத்து வகைகள் வாய்வழக்காகவே நின்றிருக்குமா, கரைந்திருக்குமா என்பது கேள்வி. ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஐயா அருமையாகத் தொடக்கிவைத்தார். விவாதம் அரைமணி நேரத்தில் ஓர் அங்கத்தவருடைய கிழக்கு வேலிக்கு வந்து சேர்ந்தது. அந்த வழக்கு இன்னும் நடப்பதால் கூட்டக்குறிப்பில் விபரம் எழுதவில்லை.

இந்த அமர்வுகள் பிள்ளைகளுக்குப் பிழையான சரித்திரம் படிப்பிக்கின்றன என்று நிர்வாகசபையில் ஒருவர் முறையிட்டார். அவர் ஓர் அமர்வுக்கும் வந்ததில்லை. நடக்காததைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதற்கு நடந்ததை ஒரு வாரம் வாசிக்கவேண்டும். எங்கள் மாணவர்கள் மூவர் இப்போது தாமாகவே ஆண்டையும் காரணத்தையும் தேடிக்கொண்டு வருகிறார்கள். வெறும் பெயரும் திகதியும் மனப்பாடம் செய்த காலத்தில் இந்த நிலையத்தின் சரித்திரப் புத்தகங்களைத் தொட்டவர் கறையான் மட்டுமே.

அந்தப் புத்தகங்கள் இருக்கும் அலுமாரி பூட்டியே இருக்கிறது. சாவி முன்னைய நிர்வாகசபையில் இருந்த ஒருவரிடம் இருப்பதாகத் தெரிகிறது. நான்கு தடவை வீட்டுக்குப் போனேன், நான்கு தடவையும் அவர் குளித்துக்கொண்டிருந்தார். அலுமாரி, சாவி, கதிரை, மேசை, வாங்கு எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். நாட்டை விட்டுப் போகும்போது அவர்கள்கூடச் சொற்களை இங்கேயே வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். கூழுக்கு நண்டு வாங்கிய வகையில் சிறு தொகை துண்டு விழுந்தது. அதை ஓர் அங்கத்தவர் தற்காலிகமாகப் பொறுத்துக்கொண்டார். தன் பெயரைச் சொல்லவேண்டாமென்று அவர் கேட்டிருக்கிறார். அவர்தான் இப்போது இந்த அறிக்கையை வாசித்துக்கொண்டிருக்கிறார். ஆண்டுச் சந்தா 600 ரூபா. அங்கத்தவர் ஐம்பத்தெட்டுப் பேரில் இருபத்தொரு பேர் செலுத்தியிருக்கிறார்கள். பட்டியலை அறிவித்தற் பலகையில் ஒட்டலாமென்ற யோசனை நிர்வாகசபையில் வந்தபோது, அதை எதிர்த்தவர்கள் யாரென்று பார்த்தேன். பட்டியலை ஒட்டவேண்டிய தேவையே இருக்கவில்லை.

போசகர், தலைவர், பொருளாளர், கூழுக்கு விறகு தந்த அயலவர், கதிரை இரவல் தந்த விளையாட்டுக் கழகத்தினர், பத்திரிகை முகவர், காற்றுக்குப் படம் கீறிய அங்கத்தவர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்பது நல்லதென்று நினைக்கிறேன். எனக்கு மூட்டுவலி. ஆனால் தொடங்கிய தொடரை அரைகுறையாக விட்டுப்போகவும் மனம் வரவில்லை. சபை வற்புறுத்தினால் யோசிக்கலாம். வற்புறுத்துகிறவர்கள் முதலில் சந்தாவைச் செலுத்தியிருந்தால் நல்லது. அடுத்த அமர்வு வரும் மாதம் முதல் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. பிரெஞ்சுப் படை 1795இல் ஒல்லாந்துக்குள் நுழையாதிருந்தால் ஆங்கிலேயர் இங்கே வந்திருப்பார்களா என்பது தலைப்பு. கூழ் கிடையாது.

செயலாளர்