பன்னிரண்டாவது படம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை பாறசாலை வீட்டில், பத்திரிகைகளுக்குப் படமெடுத்த உங்கள் தகப்பனாரின் தகரப் பெட்டிகளைத் திறந்து காட்டியபோது, “பத்திரிகையில் வந்த படங்களை எல்லாம் கணினியில் ஏற்றியாயிற்று, இனி இந்த நெகட்டிவ்களை வைத்து என்ன செய்வது?” என்று கேட்டீர்கள். அங்கே எனக்குச் சரியான பதில் வாயில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவருடைய கேமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். 1979 வரை திருவனந்தபுரத்திற்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ரயில் கிடையாது. பத்திரிகைக்குப் படம் பஸ்ஸில்தான் போக வேண்டும். கடைசி பஸ்ஸுக்கு முன் சுருளைக் கழுவியாக வேண்டுமென்றால், எஞ்சிய ஒன்றிரண்டு படங்களை அருகில் நிற்பவர்களைக் கொண்டு தீர்த்துவிடுவார். அருகில் நின்றவர்கள் நிருபர்கள். தேநீர்க் கடை பெஞ்சில் குறிப்பேட்டை முழங்காலில் வைத்து எழுதுகிறவர், சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறவர், தந்தி அலுவலக வாசலில் காத்திருக்கிறவர் என்று சுருளுக்குச் சுருள் அவர்களே இருக்கிறார்கள். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய எல்லைப் போராட்டத்தில் எதிரெதிராக எழுதிய தமிழ், மலையாளப் பத்திரிகைக்காரர்கள் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் படத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. செய்தி எழுதியவர்களின் முகத்தை அந்நாளில் எந்தப் பத்திரிகை வெளியிட்டது? நீங்கள் கணினியில் ஏற்றாமல் விட்டவை இவைதாம்.

அச்சில் வந்த படங்களுக்கும் நெகட்டிவ் வேண்டும். அன்று படத்தைக் கட்டமிட்ட கண்ணாடித் திரை வழியே மீண்டும் படமெடுத்து, புள்ளிகளாகத் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து, அச்சடிப்பதற்கான பிளாக் செய்தார்கள். அந்தப் புள்ளிகளுக்குள் பின்வரிசை முகங்கள் கரைந்துபோயின. அந்தப் போராட்டத்தின்போது நடந்த 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டுக்குப் பிந்தைய மார்த்தாண்டம் நெகட்டிவ் உறையில் அந்த முகங்கள் தெளிவாக இருக்கின்றன.

உறைகளின் மேலெழுத்தையும் பாருங்கள். 1956 நவம்பர் 1 அன்று, மார்த்தாண்டம் அடங்கிய விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. வீடு ஒரு மாநிலம், மார்த்தாண்டத்து ஸ்டூடியோ இன்னொரு மாநிலம் என்று ஆன மனிதர் அவர். இணைப்புக்குக் குரல் கொடுக்க 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தினமலர் 1957-இல் திருநெல்வேலிக்குப் போனது. உறைகளில் முகவரியும் அவ்வாறே மாறுகிறது.

நெகட்டிவ்களில் கண்ணாடித் தகடுகளாக உள்ளவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். ஈரத்துணி பட்டால் மருந்துப்பூச்சு உரிந்துவிடும். புளித்த காடி வாசம் வருகிற பிலிம்களைத் தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள், அந்தக் கேடு மற்றவற்றுக்கும் பரவும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தகடுகளைக் கழுவி, சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த வேதனை இன்னும் எனக்குத் தீரவில்லை.

அந்த நிருபர்களோடு பழகிய பெரியவர் ஒருவர் குழித்துறையில் இருக்கிறார். முகங்களுக்குப் பெயர் சொல்ல அவரால் முடியும். காலை வெளிச்சத்தில்தான் அவருக்குக் கண் தெளிவாகத் தெரிகிறது என்பதால், வருகிற ஞாயிறு பத்து மணிக்கு முன் அவரை அழைத்து வருகிறேன். அதுவரை உறைகளின் வரிசையை மட்டும் மாற்றாதிருங்கள்.

அன்புடன்,
களியக்காவிளையிலிருந்து உங்கள் தம்பி