நாச்செஸ் கடைக்காரர்களும் ஒரு வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க யூதர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நியூயார்க்கைத் தாண்டவே இல்லை. தெற்கு மாநிலங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. அங்கே போன யூதர்கள் கறுப்பின விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தே கொழுத்தார்களாம். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

மிசிசிப்பி மாநிலத்தில், அதே பெயருள்ள ஆற்றின் கரையில் இருக்கும் நாச்செஸ், பருத்தியால் செழித்த சிற்றூர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸின் அல்சாஸ், ஜெர்மனியின் பவேரியா பகுதிகளிலிருந்து யூத இளைஞர்கள் இங்கே வந்தார்கள். ஓர் ஊரில் இத்தனை யூதக் குடும்பங்கள்தான் இருக்கலாம் என்று பவேரியாவில் 1813ஆம் ஆண்டே சட்டம் போட்டு, பதிவேடும் வைத்திருந்தார்கள். அதில் இடம் விழாமல் கல்யாணம் செய்துகொண்டு குடும்பம் நடத்த முடியாது. இளைய பிள்ளைகள் கப்பல் ஏறாமல் வேறென்ன செய்வார்கள்? வந்தவர்கள் துணி, ஊசி, நூல் என்று மூட்டை கட்டி முதுகில் சுமந்து பண்ணை பண்ணையாக விற்றார்கள். கொஞ்சம் காசு சேர்ந்ததும் குதிரைவண்டி, பிறகு ஊருக்குள் ஒரு கடை.

வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பரில், வடக்குப் படையின் எஸ்ஸெக்ஸ் கப்பல் இவ்வூர் மீது குண்டு வீசியது. இறந்தது ஒரே உயிர்தான்: ரோசலி பீக்மன், ஒரு யூத வணிகரின் ஏழு வயது மகள். அடுத்த ஆண்டு வடக்குப் படையின் பின்னால் வியாபாரியாக வந்து சேர்ந்த ஐசக் லோவன்பர்க், தெற்கை ஆதரித்த ஜான் மேயர் என்ற யூத வணிகரின் வீட்டிலேயே பெண்ணெடுத்தார். 1882இல் நகரத் தலைவரும் ஆனார். ஜான் மேயர் குடும்பத்தின் இன்னொரு மருமகன் சாமுவேல் உல்மன். நாச்செஸில் கடை வைத்திருந்த இவர் முதுமையில் எழுதிய 'இளமை' என்ற படைப்பைத்தான் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானை நிர்வகித்த அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் டோக்கியோவில் தன் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தார். ஜப்பானில் அது இன்றும் கொண்டாடப்படுகிறது.

இனி கடன் விஷயம். போர் முடிந்து அடிமைத்தளையிலிருந்து விடுதலையான கறுப்பின மக்களுக்கு நிலம் இல்லை. நிலம் வைத்திருந்தவர்களிடம் ரொக்கம் இல்லை. விளையப்போகும் பயிரையே அடமானம் வைக்கச் சட்டம் வழிசெய்தது. வசந்தத்தில் மாவு, உப்பிட்ட பன்றிக்கறி, விதை எல்லாம் கடையில் பற்று. பற்றுக்கு வாங்கினால் விலை கூடுதல், அதன்மேல் வட்டியும் உண்டு. இலையுதிர் காலத்தில் பருத்தி கடைக்கு வரும். பருத்தி விலை சரிந்த ஆண்டுகளில் பாக்கி அடுத்த ஆண்டுக்குத் தாவும். கடைக்காரரோ நியூ ஆர்லியன்ஸ் மொத்த வியாபாரிகளுக்குக் கடன்பட்டிருப்பார்.

இதில் கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நசுங்கின. யூதக் கடைக்காரர்கள் இலாபம் பார்த்தார்கள். சிலருக்குப் பாக்கிக்கு ஈடாகப் பண்ணைகளே கைக்கு வந்தன. போருக்கு முன் அடிமைகளை வைத்திருந்த யூதர்களும் இவ்வூரில் உண்டு. தெற்கின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று நாச்செஸின் எல்லையில்தான் நடந்தது. இவற்றில் எதையும் மறைக்கக் கூடாது.

ஆனால் கிறித்தவக் கடைக்காரர்களும் அதே பற்றுக் கணக்கைத்தான் எழுதினார்கள். பழியை யூதர் தலையில் மட்டும் ஏற்றும் வழக்கத்துக்குத் தனி வரலாறு இருக்கிறது. 1892, 1893 ஆண்டுகளில் தென்மேற்கு மிசிசிப்பியில் வெள்ளையின விவசாயிகளின் 'வெள்ளைத் தொப்பி' கும்பல்கள் இரவில் புறப்பட்டு, யூத வணிகர்களின் நிலத்தில் குடியிருந்த கறுப்பின வாரதாரர்களை மிரட்டி விரட்டின, குடிசைகளைக் கொளுத்தின. கடன் கொடுமைக்கு எதிரான கோபம் என்று சொல்லிக்கொண்டு நடந்ததில் அதிகம் அடிபட்டவர்கள் கடன்பட்ட ஏழைகள்தான். கட்டுரையாளர் இதை அறிந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

பிறகு பருத்திக்காய்க் கூன்வண்டு வந்தது, விளைச்சல் விழுந்தது, படித்த பிள்ளைகள் பெருநகரங்களுக்குப் போனார்கள். 1903இல் எரிந்த ஜெப ஆலயத்தை நாச்செஸ் யூதர்கள் 1905இல் மீண்டும் கட்டினார்கள். அதில் வழிபட இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருக்கிறார்கள். அருகே போர்ட் கிப்சனில் யூதர்களே இல்லாமல் போனார்கள். லூசியானாவின் டொனால்ட்சன்வில்லில் ஜெப ஆலயக் கட்டடம் இரும்புச் சாமான் கடையாகிவிட்டது.

அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இந்தச் சிற்றூர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையும், கடைக்காரர், கடன்பட்டவர் இரு தரப்பையும் வைத்து, எழுதச் செய்யுங்கள்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
திருச்சி