இரண்டு மரபணு போதாது

ஆசிரியருக்கு,

மறுசேர்க்கை விழுக்காடுதான் (பெற்றோரிடம் இல்லாத புதிய மரபணுச் சேர்க்கையுடன் பிறக்கும் சந்ததிகளின் பங்குதான்) ஒரே குரோமோசோமில் உள்ள மரபணுக்களுக்கு இடையிலான தூரம் என்று உங்கள் அறிவியல் பக்கக் கட்டுரை முடித்துவிட்டது. நெருங்கி இருப்பவற்றுக்கே அது சரி. தள்ளி இருந்தால் நடுவில் இரண்டு முறை குறுக்கேற்றம், அதாவது இணை குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, நடக்கலாம். பிரிந்த ஓர மரபணுக்கள் மீண்டும் சேர்ந்துவிடுவதால் அது கணக்கில் விழாது.

அதனால்தான் மூன்று மரபணுச் சோதனைக் கலப்பு: மூன்று மரபணுக்களிலும் கலப்பினமான உயிரியை, மூன்றிலும் ஒடுங்கு பண்பு மட்டுமே கொண்ட உயிரியோடு கலப்பது. 1000 சந்ததிகளில் பெற்றோர் வகை 804, ஒற்றைக் குறுக்கேற்றம் ஒருபுறம் 106, மறுபுறம் 86, இரட்டை 4 என்று வைத்துக்கொள்வோம். அரிதான அந்த நான்கையும் பெற்றோர் வகையோடு ஒப்பிட்டால், எது மட்டும் மாறியிருக்கிறதோ அதுவே நடு மரபணு. இரட்டையை இரு பக்கமும் சேர்க்க வேண்டும்: 110, 90. அதாவது 11, 9 சென்டிமார்கன் (ஒரு விழுக்காடு மறுசேர்க்கைக்கு ஒன்று என்ற தூர அலகு), மொத்தம் 20. ஓர மரபணுக்களை மட்டும் பார்த்தால் 19.2தான் கிடைக்கும். மாணவர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான்.

மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் 1913இல் முதல் மரபணு வரைபடத்தை வெளியிட்டது பழ ஈயை வைத்து. அதில் ஆணுக்குக் குறுக்கேற்றமே கிடையாது. எனவே சோதனைக் கலப்பில் கலப்பின ஈ பெண்ணாகவே இருக்க வேண்டும். கட்டுரையின் படத்தில் அந்த இடத்தில் ஆண் ஈ இருக்கிறது!

இப்படிக்கு,
மரபியல் ஆசிரியர் ஒருவர்