களிமண் முகத்துக்குப் பின்னால் இருந்த இயக்குநர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஜெர்மானிய மௌனப்படங்கள் குறித்து வெளிவந்த கட்டுரையுடன், யூதப் பழங்கதையில் வரும், உயிர்பெற்ற களிமண் மனிதனைப் பற்றிய 1920ஆம் ஆண்டின் ‘கோலெம்’ படக் காட்சி ஒன்றும் பெரிதாக அச்சாகியிருந்தது. ஆனால், அந்தக் களிமண் மனிதனாக நடித்தவரும், கார்ல் போயேஸேயுடன் இணைந்து அப்படத்தை இயக்கியவருமான பவுல் வேகெனரின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. ஜெர்மானியத் திகில் படங்கள் அதே 1920இல் வெளிவந்த ‘டாக்டர் கலிகாரி’ படத்தில் தொடங்குவதாகக் கட்டுரையாளர் கூறுவதையும் ஏற்க இயலவில்லை.

1874இல் பிறந்த வேகெனர், சட்டப் படிப்பைக் கைவிட்டு நடிகரானவர். 1906 முதல் பெர்லினில் நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் குழுவில் புகழ்பெற்றவர். மேடைக் கலைஞர்கள் பலர் சினிமாவை மட்டமாகக் கருதிய காலத்தில், கலிகாரிக்கு முன்பே 1913இல், அவர் ‘பிராகா மாணவன்’ என்னும் திகில் படத்தில் நடித்தார். கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தையே விற்றுவிடும் இளைஞனின் கதை அது. ஒளிப்பதிவாளர் கீடோ ஸேபர் ஒரே படச்சுருளை இருமுறை பதிவுசெய்து, இரண்டு வேகெனர்களை ஒரே சட்டகத்தில் எதிரெதிரே நிறுத்தினார். எந்த மேடையிலும் நிகழ்த்த முடியாத இத்தகைய மாயமே திரைப்படத்துக்கு உரியது என்று வேகெனர் உறுதியாக நம்பினார்; படத்தின் உண்மையான கவிஞன் கேமராதான் என்று 1916இல் ஆற்றிய உரையில் வாதிட்டார். அவருடைய பேச்சால் ஈர்க்கப்பட்ட இளம்பெண் லோட்டே ரைனிகர், 1918இல் அவருடைய ‘ஹாமெலின் குழலூதி’ படத்தில் காட்சிகளுக்கிடையே வரும் எழுத்து அட்டைகளுக்கு நிழலுருவங்களை வெட்டித் தந்து, பின்னர் நிழலுருவப் படக்கலையின் முன்னோடியாக வளர்ந்தார்.

கோலெம் கதையை வேகெனர் மும்முறை படமாக்கினார். 1915இல் ஹென்ரிக் காலேனுடன் எடுத்த முதல் படத்தில் சில துண்டுகளே எஞ்சியுள்ளன. 1917இல் வந்தது முழுவதுமாகத் தொலைந்துவிட்டது. இன்று நாம் பார்ப்பது மூன்றாவதை. கலிகாரியின் ஊர் திரைச்சீலைகளில் தீட்டப்பட்டது. இங்கோ, கட்டடக் கலைஞர் ஹான்ஸ் போல்ட்ஸிக், பிராகாவின் யூதர் குடியிருப்பை, நடிகர்கள் ஏறி இறங்கக்கூடிய கோணல்மாணலான வீடுகளாகவே எழுப்பினார். அவற்றிடையே கனத்த அடிவைத்து நடக்கும் வேகெனரின் முகம் பெரும்பாலும் அசைவதில்லை, கண்கள் மட்டுமே பேசுகின்றன. இறுதியில் ஒரு சிறுமி ஆப்பிளை நீட்டும்போது அந்த முகம் மெல்ல இளகுவதைப் பார்த்தவர்கள், 1931ஆம் ஆண்டு ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் அரக்கனாக நடித்த போரிஸ் கார்லோஃப் சிறுமியோடு தோன்றும் காட்சியின் முன்னோடியை அங்கே கண்டுகொள்வார்கள்.

அவரைப் பற்றி எழுதும்போது நாஜி ஆட்சிக்காலத்தையும் மறைக்கக் கூடாது. வெளியேற்ற ஆணைக்கு உள்ளான யூதர்களின் கதையை ‘கோலெம்’ எனப் படமாக்கிய அதே கலைஞர், 1933இல் ‘ஹான்ஸ் வெஸ்ட்மார்’ என்னும் நாஜிப் பிரச்சாரப் படத்திலும், 1945இல் வெளியான ‘கோல்பெர்க்’ என்னும் அத்தகைய படத்திலும் நடித்தார். இது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தரும் உண்மை. போர் முடிந்தபின், 1945 செப்டம்பரில், பெர்லினின் டாய்ச்சஸ் தியேட்டர் மீண்டும் திறக்கப்பட்டபோது, ஜெர்மானிய நாடகாசிரியர் லெஸ்ஸிங்கின் ‘ஞானி நாத்தான்’ நாடகத்தில் யூத ஞானி நாத்தானாக மேடையேறியவரும் அவரே. அது முந்தையதை அழித்துவிடாது. என்றாலும் இரண்டையும் சேர்த்துச் சொல்வதே முறை. 1948இல் அவர் காலமானார்.

வரும் இதழ்களில் அந்தக் காட்சிப் படத்துக்கான குறிப்பில் அவர் பெயரைச் சேர்ப்பதுடன், அவருடைய திரைவாழ்வைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.