லாக்ஸ்டன் ஊராருக்கு ஒரு நன்றி

இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம்ஷையரின் லாக்ஸ்டன் கிராமத்தாருக்கு வணக்கம். ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒரு கார்டு போட்டுவிட்டேன். மனதில் இருந்ததில் பாதிகூட அதில் வரவில்லை. அதனால்தான் இது, தமிழில்.

போன நவம்பர் கடைசியில், ஜூரி, அதாவது நில எல்லைகளைச் சரிபார்க்கும் உங்கள் ஊர்க் குழு, வயலைச் சுற்றிப் பார்க்கும் நாளில், கேன்வாஸ் ஷூவோடு வந்து முழித்தவன் நான். என் காலைப் பார்த்ததுமே உள்ளே போய் மகனுடைய ரப்பர் பூட்ஸை எடுத்து வந்த அம்மாவுக்கு முதல் நன்றி. உங்கள் ஊர்க் களிமண்ணில் அது இல்லாமல் பத்தடி நகர்ந்திருக்க முடியாது.

அப்புறம், டிராக்டர் ட்ரெய்லரில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்த ஜூரிக்காரர்களுக்கு. மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வெளிகள். அவற்றுக்குள் ஆளாளுக்குப் பட்டை பட்டையாக நிலம். நடுவே வேலியும் இல்லை, வரப்பும் இல்லை. ஒரு வருஷம் கோதுமை, மறு வருஷம் வசந்தகாலப் பயிர், மூன்றாம் வருஷம் தரிசு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த முறை. மற்ற இடங்களில் வேலி அடைத்துப் பிரித்துக்கொண்டார்கள், நீங்கள் விடவில்லை.

புதிதாக விதைத்த கோதுமை வயலில் எல்லைக்கு முளைக்குச்சி அடித்ததைத்தான் மறக்க முடியவில்லை. ஒருவர் இந்த முனையில் குச்சியைப் பிடிக்க, இன்னொருவர் தூரத்தில் நின்று ஒற்றைக் கண்ணை மூடி, 'இன்னும் கொஞ்சம் இடது' என்று கையாட்டுகிறார். சரி என்றதும் சம்மட்டி. பக்கத்து நிலத்தில் ஏர் ஏறியிருந்தால் குறித்துக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் ஊர் நீதிமன்றத்தில், அதாவது உங்கள் மதுக்கடையில், சின்னதாக ஓர் அபராதம். வரப்புத் தகராறு என்றால் அரிவாள்தான் என்று கேட்டு வளர்ந்த எனக்கு, அபராதம் கட்டப்போகிறவரே சிரித்துக்கொண்டு நின்றது நம்பமுடியாததாக இருந்தது.

செயின்ட் மைக்கேல் தேவாலயத்தில் எவரிங்ஹாம் குடும்பத்துக் கல்லறைச் சிலைகளுக்கு நடுவே மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணுருவத்தைக் காட்டிய பெரியவருக்கும், 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்த நிலப்படத்தின் நகலை விரித்துக் காட்டியவருக்கும் நன்றி. அதில் உழுகிறவர்களைக்கூடக் குட்டிக் குட்டியாக வரைந்திருக்கிறார். நான் நின்ற இடத்தைத் தேடிக்கொண்டே இருந்ததில் நீங்கள் கடையடைக்கும் நேரம் தாண்டிவிட்டது. மன்னிக்கவும்.

பூட்ஸைக் கழுவித்தான் திருப்பித் தந்தேன். காயப்போட்ட என் காலுறை மட்டும் உங்கள் அடுப்படியிலேயே தங்கிவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அம்மா.